ரோலருக்கு முன்னால் போகிற தண்ணீர்

அருப்புக்கோட்டைப் பக்கம், கரிசல் காட்டின் நடுவே ஒரு புறவழிச்சாலைக்குக் கரை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர் மண்ணைக் கரைக்கு எடுப்பதில்லை. மழையில் ஊதி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிற மண், மேலே போட்ட தாரையும் சேர்த்துப் பிளந்துவிடும். அதனால் வெளியிலிருந்து டிப்பரில் கிராவல் வருகிறது. கொட்டி, கிரேடரால் நிரவி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டினால் ஓர் அடுக்கு. இறுகியபின் 20 சென்டிமீட்டருக்கு மேல் நிற்கக் கூடாது.

வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் ரோலரைத்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் போனேன். மேஸ்திரி என்னை டேங்கர் லாரிக்குப் பின்னால் கூட்டிப்போனார். நனைந்த கிராவலில் ஒரு பிடி அள்ளி இறுக்கி, விரலைத் திறந்தார். உருண்டை நின்றது. கட்டைவிரலால் அழுத்தியதும் இரண்டு மூன்றாகப் பிட்டுக்கொண்டது.

"இதுதான் பதம் சார். பொலபொலன்னு உதிர்ந்தா தண்ணி காணாது. கையில அப்புனா கூடிப்போச்சு. அப்புறம் நாள் பூரா உருட்டினாலும் தளும்புமே தவிர கெட்டிப்படாது." அவருடைய அப்பா கண்மாய்க் கரைகளில் திமிசுக் கட்டை போட்டவராம்.

காய்ந்த துகள்கள் ஒன்றோடொன்று உரசி நகர மறுக்கும். ஈரம் பட்டால் வழுக்கி இடுக்குகளில் போய் உட்காரும். ஈரம் மிஞ்சினாலோ இடுக்குகளைத் தண்ணீரே பிடித்துக்கொள்ளும். ரோலரின் பாரமும் தண்ணீர்மேல்தான் விழும். ஒவ்வொரு மண்ணுக்கும் நன்றாக இறுகுவதற்கான ஈர அளவு ஒன்று உண்டென்று, லாஸ் ஏஞ்சலிஸ் குடிநீர்த் துறைப் பொறியாளர் ரால்ஃப் புரோக்டர் 1933-இல் எழுதினார். இன்று ஆய்வகத்தில் 4.9 கிலோ இடிகட்டையை 45 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு அதைக் கண்டுபிடிக்கிறார்கள். அங்கே கிடைக்கும் இறுக்கத்தில் கரைக்கு 95 சதவீதமும் மேல் அரை மீட்டருக்கு 97 சதவீதமும் வந்தாக வேண்டும்.

சோதனைக்கு வந்த பையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உளியால் ஒரு சாண் அகலம்கூட இல்லாத குழி எடுத்தான். ஒரு துகள் சிந்தாமல் கரண்டியால் வழித்தான். பிறகு குழியில் சலித்த மணலை நிரப்பினான். உள்ளே போன மணலின் எடையிலிருந்து குழியின் கொள்ளளவு கிடைத்துவிடும். அதிர்ந்தால் மணல் கூடுதலாக இறங்கும் என்பதால் ரோலர் நின்றது, ஆபரேட்டருக்குப் பீடி நேரம். எடுத்த மண்ணில் கொஞ்சத்தைக் கார்பைடு பொடியோடு மூடிய குப்பியில் குலுக்க, கிளம்பிய வாயுவின் அழுத்தம் ஈரத்தைக் காட்டியது. கணக்குப் போட்டால் 93. மதிய வெயிலில், ரோலர் வருவதற்குள் ஈரம் பறந்திருந்தது.

"கிரேடரை வரச் சொல்லு, கீறிவிட்டுத் தண்ணி காட்டணும்" என்றார் மேஸ்திரி.

டேங்கர்காரருக்கு எரிச்சல். "நடைக்கு இவ்வளவுன்னுதான் காசு சார். ஒரே மட்டமாத் தெளிக்கணும்னா முதல் கியர்ல ஊரணும். அதுக்குள்ள இன்னொரு நடை அடிச்சிருவேன்."

ரோலருக்கு மணிக்கணக்கில் வாடகை தருகிறவர்கள் இவருக்கும் அப்படித் தந்தால் என்ன என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

"நானும் கேட்டுப் பாத்துட்டேன் சார்" என்றவர், டேங்கர் பக்கம் திரும்பி, "தம்பி, முதல் கியரு!" என்று கத்தினார்.