ராசியான எழுத்து

அல்ஜீரியனை உங்களுக்குத் தெரியும். ஆள் இல்லை ஸார், எழுத்து. இங்கிலீஷ் எழுத்து. முனையெல்லாம் முள் மாதிரி நீட்டிக்கொண்டு, முதுகில் ஒரு நிழலையும் சுமந்துகொண்டு நிற்குமே, அதுதான். ஜூஸ் கடை போர்டு, டியூஷன் சென்டர் தட்டி, கல்யாணப் பத்திரிகை, காலேஜ் ரெக்கார்டு நோட்டு அட்டை என்று நம்ம ஊரில் அது ஏறாத இடமில்லை.

பெயர்தான் அல்ஜீரியன். பூர்வீகம் இங்கிலாந்து. ஷெஃபீல்டு நகரத்து ஸ்டீஃபன்சன் பிளேக் என்ற அச்செழுத்துக் கம்பெனி 1900-களின் ஆரம்பத்தில் ஈயத்தில் வார்த்தது. தலைப்புக்கு நாலு வார்த்தை, அதுவும் பெரிய சைஸில் போடுவதற்கான எழுத்து. பிற்பாடு மைக்ரோசாஃப்ட் ஆபீஸோடு கம்ப்யூட்டருக்குள் குடியேறியது. அங்கே எழுத்துப் பட்டியல் ஏ, பி, சி வரிசை. திறந்தவுடன் உச்சியில் நிற்கும் இதைத் தாண்டிக் கீழே உருட்டிப் பார்க்க யாருக்குப் பொறுமை? அது ஊரைப் பிடித்த ரகசியம் இவ்வளவுதான் என்பது என் கட்சி.

அப்பாவும் அப்படித்தான் பிடித்தார்.

2009-ல் பி.காம். முடித்த கையோடு பயோடேட்டா அடிக்க டி.டி.பி. சென்டருக்குப் போனேன். தையல் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு அப்பாவும் கூட வந்தார். அந்தப் பெண் பட்டியலைத் திறந்ததுதான் தாமதம், "இதான்மா! கம்பீரமா இருக்கு. எல்லாத்தையும் இதுலயே போடு" என்றார். பெயர், விலாசம், மார்க், பொழுதுபோக்கு... எல்லாம் அல்ஜீரியன். அதில் சின்ன எழுத்தே கிடையாது. எதைத் தட்டினாலும் கேப்பிட்டல்தான் விழும். பன்னிரண்டு பாயின்ட்டில் அடித்தால் நிழலும் எழுத்தும் ஒட்டிக்கொண்டு ஒரே ஈ மொய்த்த மாதிரி இருந்தது. அப்பா அதை மடிக்காமல் சட்டைத் துணி அட்டைக்குள் வைத்துக் கொடுத்தார்.

இன்டர்வியூவில் ஒரு பெரியவர் காகிதத்தைக் கிட்டே வைத்தார். தள்ளி வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, இது பயோடேட்டாவா, சர்க்கஸ் நோட்டீஸா?"

பக்கத்தில் இருந்தவர் சிரித்த சிரிப்பில் டீ சிந்திவிட்டது. வேலை? ஊஹூம்.

வீட்டில், "என்னடா கேட்டாங்க?" என்றார் அப்பா. "டெபிட், கிரெடிட்" என்றேன். மறுநாளே அவருக்குத் தெரியாமல் டைம்ஸ் நியூ ரோமனில் அடித்துக்கொண்டேன். இரண்டே மாதத்தில் வேறொரு ஆபீஸில் வேலை கிடைத்தது. அப்பா தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார்.

போன வருஷம் கடைக்குப் புது போர்டு வைத்தோம். ஃப்ளெக்ஸ் கடையில் நானேதான் எழுத்தைத் தேர்ந்தெடுத்தேன். மூன்றே வார்த்தை, இரண்டடி உயரம், அல்ஜீரியன். பொய் சொல்லக் கூடாது, ஜம்மென்று இருந்தது. நிழல் தனியாக, எழுத்து தனியாக, ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது.

அப்பா கழுத்தில் அளவு டேப்போடு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"டேய்... உன் பயோடேட்டாவுல போட்டோமே, அதே எழுத்துதானே?"

"ஆமாப்பா."

"நான் அன்னிக்கே சொன்னேன்ல, ராசியான எழுத்துன்னு!"

ஏணியைப் பிடித்திருந்த பையனுக்கு, அந்த எழுத்தால்தான் எனக்கு வேலை கிடைத்த கதையை அப்பா சொல்ல ஆரம்பித்தார். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.