ஓலை மடிப்பு

மாமல்லபுரத்தில் சிற்பக்கலை படித்து முடித்த கையோடு சுவாமிமலையில் ஐயா ஒருவரின் சிலைப் பட்டறைக்கு வந்தேன். பையில் எவர்சில்வர் ஸ்கேலும் சிலை அளவுகளுக்கான தாலக் கணக்கு எழுதிய இரண்டு நோட்டுகளும் இருந்தன. முதல் வேலை ஒன்றரை அடி உயரத்தில் நின்ற கோலப் பெருமாள். உத்தம தசதாலம், அதாவது 124 அங்குலம். இது டேப்பில் இருக்கும் அங்குலம் இல்லை. சிலையின் உயரத்தை 124 கூறாக்கினால் வரும் ஒரு கூறு. 457 மில்லிமீட்டரை 124ஆல் வகுத்து 3.7 என்று எழுதிக்கொண்டிருந்தபோது, ஐயா கொல்லைக்குப் போய்த் தென்னங்கீற்று ஒன்றைக் கிழித்து வந்தார்.

ஈர்க்கை உரித்துப் போட்டார். ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கினார். பாதியாக மடித்தார், அதை மறுபடி பாதியாக மடித்தார். "கீழேர்ந்து மொத மடிப்பு முழங்காலுக்கு அடி. அடுத்தது தொடை மூலம். மேல போவப் போவ சின்னச் சின்னதா மடிச்சுக்கலாம் தம்பி."

நோட்டைப் புரட்டினேன். பாதம் 4, கணைக்கால் 27, முழங்கால் 4, தொடை 27. கூட்டினால் 62, சரிபாதி. பாதமும் கணைக்காலும் சேர்ந்தால் 31, கால்வாசி. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த எண்களுக்குள் இப்படியொரு மடிப்பு இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. சிலை ஒரு சாண் ஆனாலும் ஆள் உயரம் ஆனாலும் வகுத்தல் வேண்டாம். வேறு ஓலை கிழித்தால் போதும். இப்படி மடித்த ஓலைக்கு ஒடியோலை என்று பெயர்.

யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

"யாரு சொல்லிக் குடுத்தா? அப்பா மடிப்பாரு. நான் ஓலை கிழிச்சுக் குடுப்பேன்."

அந்தப் பட்டறையில் எதைக் கேட்டாலும் ஏறக்குறைய இதே பதில்தான். தேன்மெழுகில் குங்கிலியமும் கடலை எண்ணெயும் எவ்வளவு சேர்ப்பது? வெயில் காலத்தில் குங்கிலியம் கூட, மார்கழியில் எண்ணெய் கூட. எவ்வளவு கூட? விரலால் உருட்டிக் காட்டுவார். மெழுகு உருவத்தின் மேல் முதலில் பூசும் மண் காவிரி வண்டல். உமிக்கரி சேர்த்து மை போல அரைக்க வேண்டும். மை என்றால் எந்த மை? என் இரண்டு விரல்களுக்கு நடுவே கொஞ்சம் வைத்துத் தேய்த்துவிட்டு, "இது இல்ல," என்று சொல்லிப் போய்விடுவார். 'இது இல்ல' கேட்டே ஒரு மாதம் போனது.

ஐயாவின் பேரனுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மண் குவியலில்தான் கிடப்பான். ஒருநாள் நான் ஓலை மடிப்பதைப் பார்த்துவிட்டு, "நகத்தால இழுத்து மடிக்கணும்ணே, இல்லாட்டி வெலகிரும்," என்றான். விலகித்தான் இருந்தது. பரம்பரைக் கலைஞர்களுக்கு இது ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அந்தப் பையன் தவழ ஆரம்பித்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். என் அப்பா பஸ் கண்டக்டர். எனக்கும் வந்தது, கொஞ்சம் தாமதமாக.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. தரையில் கிடக்கும் எதையும் அங்கே யாரும் தாண்ட மாட்டார்கள். மெழுகு உருவம் என்றால் சரி, நாளைக்கு அது சாமி. காலி அச்சு, உளி, சாக்குத்துண்டு எதுவானாலும் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். வேட்டி நுனி பட்டு மெழுகு விரல் ஒடிந்துவிடும் என்பதற்காக ஏற்பட்ட வழக்கமாக இருக்கலாம் என்று ஐயாவிடம் சொன்னேன். "இருக்கலாம்," என்றார். "எங்கப்பாவும் சுத்திதான் போவாரு."

இரண்டு வருஷம் கழித்து முதன்முதலாக என் கையால் உலோகம் ஊற்றினேன். மெழுகின் எடையைப் போல எட்டு, ஒன்பது மடங்கு உலோகம் வேண்டும். வராட்டி அடுக்கி அச்சைச் சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, குழியில் நிறுத்தி, மூசையைச் சாய்த்தேன். ஆறியதும் அச்சை உடைத்தபோது வலது கைச் சுண்டுவிரல் இல்லை. காற்று போக வழி விட்டது போதவில்லை. ஐயா சிலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. "ஓலை கிழிச்சுட்டு வா."

அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். கூடத்தில் தம்பியின் கிரிக்கெட் மட்டை குறுக்கே கிடந்தது. சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்: "நேரா வர வேண்டியதுதானே, ஏண்டா சுத்திக்கிட்டு வர்றே?"

"அங்க ஐயா அப்படித்தாம்மா போவாரு," என்றேன்.