உயிரோடு மீளும் விளையாட்டு: புதியவர்க்கும் பெற்றோர்க்கும் சில குறிப்புகள்



தமிழாசிரியர் ஒருவர் துப்பாக்கி விளையாட்டைப் பற்றி எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். எழுதத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். நம்மிடம் ஆறாம் ஆண்டு வரை படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள் பலர், இரவு நேரத்தில் இத்தகைய விளையாட்டுகளுக்குள்தான் இருக்கிறார்கள். அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாமல் 'அதை மூடு' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் நம் சொல் அவர்கள் காதில் ஏறாது.

'எக்ஸ்ட்ராக்‌ஷன் சூட்டர்' என்று ஒரு வகை விளையாட்டு உண்டு. சாதாரணச் சுடும் விளையாட்டில் செத்தால் அடுத்த நொடி மீண்டும் பிறக்கலாம். இழப்பு ஒன்றும் இல்லை. இவ்வகையில் அப்படி அன்று. ஆயுதமும் மருந்தும் எடுத்துக்கொண்டு ஓர் ஆபத்தான நிலத்துக்குள் போக வேண்டும். அங்கே கிடைக்கும் பொருள்களைப் பொறுக்க வேண்டும். குறித்த வாயில் ஒன்றின் வழியாக உயிரோடு வெளியேற வேண்டும். இடையில் வீழ்ந்தால் கொண்டுபோனதும் போயிற்று, சேர்த்ததும் போயிற்று. 2017-இல் சோதனைப் பதிப்பாக வெளிவந்த 'எஸ்கேப் ஃப்ரம் டார்கோவ்' என்னும் உருசிய விளையாட்டுதான் இவ்வகையைப் பரவலாக்கியது. 2025 அக்டோபர் 30-ஆம் நாள், சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் உள்ள எம்பார்க் ஸ்டூடியோஸ் நிறுவனம் 'ஆர்க் ரெய்டர்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. நான் அறிந்துகொண்டது இதைத்தான்.

கதைக்களம் பாழடைந்த இத்தாலி. நிலத்தின்மேல் 'ஆர்க்' எனப்படும் இயந்திரங்கள் ஆட்சி செய்கின்றன. எஞ்சிய மக்கள் 'ஸ்பெரான்சா' என்னும் நிலத்தடி ஊரில் வாழ்கிறார்கள். இத்தாலிய மொழியில் அச்சொல்லுக்கு 'நம்பிக்கை' என்று பொருள். அங்கிருந்து மேலே ஏறிப் பழம்பொருள் பொறுக்கிவரும் துணிச்சல்காரரே நம் பிள்ளைகள்!

எனக்கு இதைக் கற்பித்தவன் என் அக்காள் மகன். பதினேழு வயது, ஐந்தாம் படிவம். ஒரு நாள் இரவு பத்து மணிக்கு அணைக்கச் சொன்னாள் அக்காள். 'இன்னும் பத்து நிமிடம் அம்மா' என்றான். பத்து நிமிடம் கழித்தும் அதே பதில். பொறுமையிழந்த அக்காள் இணையப் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டாள். இரண்டு வாரமாகச் சேர்த்துச் செய்த ஆயுதமும் அன்று கிடைத்த அரிய பொருளும் அத்தோடு தொலைந்தன. மூன்று நாள் அவன் தாயோடு பேசவில்லை. 'இல்லாத துப்பாக்கிக்காகப் பெற்றவளிடம் பேசமாட்டேன் என்கிறானே தம்பி' என்று அக்காள் என்னிடம் அழுதாள். அவனோ, 'அம்மா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் மாமா, பாதியில விடமுடியாதுன்னு' என்றான்.

இருவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. எனவே அடுத்து வந்த பள்ளி விடுமுறையில் சில மாலைகள் அவன் பக்கத்தில் அமர்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறிப்பெடுத்தேன். எழுதிமுடித்த குறிப்புகளைப் பார்த்தபோது எனக்கு வியப்பு. திருக்குறளின் பொருட்பாலில் 48 முதல் 51 வரை நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன: வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல். அவன் சொன்ன அனைத்தும் இந்நான்கு தலைப்புகளுக்குள் அடங்கின. அவ்வரிசையிலேயே தருகிறேன்.

1. வலியறிதல்

முதல் விதி, இழந்தால் தாங்கக்கூடியதை மட்டும் கொண்டுபோவது. புதியவர்க்கு விளையாட்டே இலவசமாக ஒரு மூட்டை தருகிறது. எளிய துப்பாக்கி, கொஞ்சம் தோட்டா, கட்டுப்போடும் துணி. 'ஃப்ரீ லோடவுட்' என்பார்கள். வீழ்ந்தால் கைப்பொருள் ஏதும் குறையாது. அதற்கும் ஒரு குறை உண்டு. வேறு பைகள் பெரும்பாலானவற்றில் 'சேஃப் பாக்கெட்' என்ற சிறு அறை இருக்கும். அதில் வைத்த பொருள் நாம் வீழ்ந்தாலும் நம்மோடு வந்துசேரும். இலவச மூட்டையில் அந்த அறை இல்லை. ஆகவே முதல் சில சுற்றுகளை இலவச மூட்டையோடு ஆடி நிலத்தைப் பழகிக்கொள்ள வேண்டும்; பிறகு மலிவான பொருள்களோடு போக வேண்டும். நல்ல ஆயுதத்தைப் பெட்டியிலேயே பூட்டிவைத்துக் கடைசிவரை எடுக்காதவரும் உண்டாம். அதுவும் தவறு என்கிறான் மருமகன்.

எதிரியின் வலிமையையும் அறிய வேண்டும். 'வாஸ்ப்' எனப்படும் சிறு பறக்கும் இயந்திரத்தை உடலில் சுட்டுத் தோட்டாவை வீணாக்காமல் அதன் உந்துபொறிகளைச் சுட வேண்டும். 'ஹார்னெட்' என்பதற்கு முன்பக்கப் பொறிகளில் கவசம் உண்டு, பின்பக்கம்தான் மென்மை. 'ஸ்னிட்ச்' சுடாது, ஆனால் நம்மைக் கண்டுவிட்டால் மற்ற இயந்திரங்களை அழைத்துவிடும். அது பார்க்குமுன் ஒளிய வேண்டும் அல்லது விரைந்து வீழ்த்த வேண்டும். கட்டடத்துள் நுழைந்தால் கூரையையும் பார்க்க வேண்டும். 'டிக்' என்னும் சிறு இயந்திரம் அங்கே ஒட்டிக்கொண்டிருந்து மேலே பாயும். 'ராக்கெட்டியர்' பறந்துவந்தால் புதியவர்க்கு ஒரே வழிதான்: உள்ளே போய்ப் பதுங்குதல்.

பையின் எடையும் ஒரு கணக்கு. அளவுக்கு மீறிச் சுமந்தால் கால் தளரும்.

2. காலமறிதல்

ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ அரை மணி நேரமே உச்ச வரம்பு. நேரம் குறையக் குறைய வெளியேறும் வாயில்களும் ஒவ்வொன்றாக மூடப்படும். இறுதி நிமிடங்களில் எஞ்சியோர் அனைவரும் ஒரே வாயிலுக்கு ஓடிவருவர். புதியவர்கள் இங்கேதான் அதிகம் சாகிறார்கள். 'பை நிறைந்தவுடன் திரும்பு. பாதி நிறைந்தாலும், வேண்டியது கிடைத்துவிட்டால் திரும்பு' என்பது அவன் விதி. இரவுச் சுற்றுகளில் கிடைக்கும் பொருள் உயர்ந்தது, வாயில்களோ குறைவு. புதியவர் பகலிலேயே பழகுவது நல்லது.

சில வேளை, நாம் சேரும்போது சுற்று முன்பே தொடங்கியிருக்கும். எனவே உள்ளே நுழைந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம். அடுத்து, அருகிலுள்ள வாயில் எப்போது மூடும் என்பது.

3. இடனறிதல்

முதலில் திறக்கும் நிலம் ஓர் அணைக்கட்டுப் பகுதி. வேறு நிலங்கள் பிறகு திறக்கும். ஒன்றை நன்கு அறிந்தபின் அடுத்ததற்குப் போவதே முறை.

நான் பார்த்துக்கொண்டிருந்த முதல் சுற்றிலேயே கவனித்தது ஓசை. ஓடினால் ஓசை, பெட்டியை உடைத்தால் ஓசை, இயந்திரத்தைச் சுட்டால் அந்த வட்டாரத்துக்கே தெரியும். காதொலிக்கருவியை மாட்டிக்கொண்டு அவன் அசையாமல் நின்ற நேரமே அதிகம். 'யாராவது இருக்காங்களான்னு கேட்டுட்டுத்தான் நகரணும் மாமா' என்றான்.

வெளியேறும் மின்தூக்கியை அழைத்தவுடன் சங்கு ஊதுவது போலப் பேரொலி எழும். உள்ளே இருக்கும் ஒவ்வொருவருக்கும் 'இதோ ஒருவன் பையோடு புறப்படுகிறான்' என்று அறிவிக்கும் ஒலி அது. ஆகவே பொத்தானை அழுத்திவிட்டு வாயிலிலேயே நிற்கலாகாது. சற்றுத் தள்ளி மறைந்திருந்து, கதவு திறந்ததும் நுழைய வேண்டும். 'ரெய்டர் ஹாட்ச்' என்னும் தரைக்கதவுகளும் உண்டு. அவற்றுக்குரிய சாவி கையிலிருந்தால் ஆரவாரமின்றி இறங்கிவிடலாம். விலை மிக்க பொருள் கிடைக்கும் நாளுக்கென்று ஒரு சாவியைச் சேர்த்துவைப்பது அறிவுடைமை.

இன்னொன்றும் சொன்னான். அடிபட்டு வீழ்ந்தவுடன் உயிர் போய்விடுவதில்லை. சிறிது நேரம் தவழ முடியும். தவழ்ந்தே மின்தூக்கிக்குள் சென்று பொத்தானை அழுத்தியும் மீளலாம். ஆகையால் வீழ்ந்தவுடன் கையை எடுத்துவிடக் கூடாது.

4. தெரிந்து தெளிதல்

இயந்திரங்கள் போக, அங்கே வேறு மனிதர்களும் இருக்கிறார்கள். அவர்களும் நம்மைப் போலப் பொறுக்க வந்தவர்களே. நம்மைச் சுட்டு நம் பையை எடுத்துக்கொள்ளலாம், துணையாகவும் வரலாம். அருகிலிருப்பவரோடு குரலில் பேச வழி உண்டு. 'சுடாதே' என்று சொல்ல ஒரு பொத்தானும் உண்டு. தனியாகப் போகிறவரைப் பெரும்பாலும் தனியாக வருகிறவர்களோடுதான் விளையாட்டு சேர்க்கிறது. எனவே தனியர்கள் ஒருவரையொருவர் விட்டுவிலகிப் போவதும், பெரிய இயந்திரத்தைச் சேர்ந்து வீழ்த்துவதும் அடிக்கடி நடக்கிறது.

அப்படி ஒரு சுற்றை நான் கண்டேன். யாரோ ஓர் அயலான், ஆங்கிலத்தில் இரண்டு சொல் பேசினான். காயத்துக்குக் கட்டுத்துணி ஒன்றைத் தரையில் போட்டுவிட்டுப் போனான். மருமகன் முகம் மலர்ந்தது. அடுத்த சுற்றில் இன்னொருவன் 'நண்பன், நண்பன்' என்று சொல்லியபடியே கூட வந்து, மின்தூக்கி வாயிலில் முதுகில் சுட்டான். அவன் திரையையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். 'இனி யாரையும் நம்பமாட்டாயா?' என்று கேட்டேன். 'நம்புவேன் மாமா. ஆனா முதுகைக் காட்டமாட்டேன்' என்றான்.

ஆராயாமல் நம்புவதும் இடர், எவரையும் நம்பாதிருப்பதும் இடர் என்பதை நன்னெறிக் கல்விப் பாடத்தில் நான் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக எந்த மாணவனும் எனக்குத் திருப்பிச் சொன்னதில்லை.

இழந்தபின்

இவ்வகை விளையாட்டில் எல்லாரும் தோற்பர், அடிக்கடி தோற்பர். அதை விளையாட்டே சற்று மெத்தென்று ஆக்கிவைத்திருக்கிறது. வீழ்ந்தாலும் பட்டறிவுப் புள்ளிகள் நம்மிடமே இருக்கும். கீழே அறையில் ஒரு சேவல் இருக்கிறது. நாம் மேலே போயிருக்கும் நேரத்தில் அது சில மூலப்பொருள்களைச் சேர்த்துவைக்கும். பழங்கள் கொண்டுவந்து கொடுத்தால் இன்னும் நன்றாகச் சேர்க்கும். பெரிய ஆயுதத்தை இழந்த இரவிலும் மருமகன் அச்சேவலுக்காக எலுமிச்சை தேடிக்கொண்டிருந்தான்!

இழந்த கையோடு கோபத்தில் உடனே மேலே ஏறுவதுதான் புதியவரின் பெரும்பிழை என்கிறான். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து, எங்கே எப்படி வீழ்ந்தோம் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்தபின் ஏற வேண்டுமாம்.

பெற்றோர்க்கு

இனி நம் பக்கம். நான் அக்காளுக்குச் சொன்னவற்றையே இங்கும் சொல்கிறேன்.

முதலாவது, இவ்விளையாட்டை இடையில் நிறுத்திவைக்க முடியாது. நடுவில் இணைப்பு அறுந்து, உரிய நேரத்துக்குள் மீண்டும் நுழைந்து வெளியேறாவிட்டால் எல்லாம் போய்விடும். எனவே 'பத்து மணிக்கு அணை' என்னும் கட்டளையைவிட 'ஒன்பதரைக்குமேல் புதிதாக மேலே ஏறக்கூடாது' என்னும் கட்டளை பொருந்தும். பிள்ளைக்கும் சாக்கு இருக்காது. தாய்க்கும் கம்பியைப் பிடுங்கும் தேவை வராது.

இரண்டாவது, குரல்வழி உரையாடல். முன்பின் தெரியாதவர் பேசுவர், இழிசொல்லும் வரும். அமைப்புகளில் அதை நிறுத்திவைக்கலாம். பெயர், ஊர், பள்ளி ஆகியவற்றைச் சொல்லக்கூடாது என்று முன்கூட்டியே பேசிவையுங்கள்.

மூன்றாவது, பணம். விளையாட்டை விலை கொடுத்து வாங்கியபின்னும் உடை, அலங்காரம் ஆகியவற்றுக்கு உண்மைப் பணம் செலவிட வழி உண்டு. 'அரிய ஆயுதத்தை ரிங்கிட்டுக்குத் தருகிறோம்' என்று வெளியாள் எவரேனும் அழைத்தால் விலகிவிடுவதே நல்லது.

நான்காவது, வயது. விற்பனைப் பக்கத்தில் வயதுக் குறியீட்டைப் பாருங்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு உரிய விளையாட்டு அன்று இது. மூத்த பிள்ளை ஆடும்போது தம்பி தங்கையர் அருகில் அமர்ந்து பார்க்கிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

அக்காளும் மகனும் ஒன்பதரை மணி உடன்பாட்டுக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. அவன் இரண்டு முறை மீறினான். இரண்டு முறையும் அக்காள் கம்பியைத் தொடவில்லை. அச்சுற்று முடியும்வரை காத்திருந்து, மறுநாள் விளையாட்டைத் தடைசெய்தாள். அவனும் மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொண்டான். இவ்வாண்டு அவனுக்கு எஸ்.பி.எம். தேர்வு. மதிப்பெண் எப்படி வரும் என்று நான் இங்கே ஆரூடம் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த வீட்டில் இரவுச் சாப்பாட்டு மேசையில் பேச்சு மீண்டும் நடக்கிறது. 'இன்னிக்கு மீண்டாயா, மாண்டாயா?' என்று அக்காளே கேட்கிறாள். அவனும் விளக்கமாகச் சொல்கிறான்.

ஆசிரிய நண்பர்களே, 'எழுத ஒன்றுமே வரவில்லை ஐயா' என்று கட்டுரை ஏட்டை வெறுமனே வைத்திருக்கும் மூத்த மாணவன் உங்களிடமும் இருப்பான். ஒருமுறை, அவன் கடைசியாக உயிரோடு மீண்ட சுற்றைப் படிப்படியாக எழுதச் சொல்லிப் பாருங்கள். தன்கதைக்கு வேண்டிய தொடக்கம், சிக்கல், உச்சம், முடிவு நான்கும் அதில் முன்பே இருக்கின்றன. ஒற்றுப்பிழைகளைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.