நின்றதா, சென்றதா?

ஏலத்தோட்ட வேலையை நாடிப் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மலையேறிச் சாந்தன்பாறைக்கு வந்த குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் கேரள மாநிலம் அமைந்தபோது இம்மலைகள் அதனைச் சேர்ந்தன. வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாக எங்கள் வாழ்வு நடக்கிறது. இரண்டும் ஒருதாய் மக்கள்; ஆதலின் மலையாளத்தைத் தனியே கற்க வேண்டுவதில்லை என்னும் செருக்கு எனக்கு நெடுங்காலம் இருந்தது. அதனை அடக்கியது என் மகனின் வயிறு.

அவனுக்கு அப்பொழுது மூன்று வயது. விடியற்காலை முதல் ஆறுமுறை பேதியாகித் துவண்டுபோனவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். “வயிற்று வலி” என்று தொடங்கினேன். மருத்துவர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, “வயற்றில் நின்னு போயோ?” என்றார். பேதி நின்றுபோயிற்றா என்று கேட்கிறார் எனக் கொண்டு, “இல்லை, ஐயா” என்றேன். அவர் தலையசைத்துச் சீட்டெழுதிக் கொடுத்தார்.

மருந்து தரும் அம்மையார் புட்டியை நீட்டி, “இது கொடுத்தால் வயறு இளகும்” என்றதும் திடுக்கிட்டேன். “ஐயோ, இளகித்தானே அம்மா இங்கே வந்தோம்!” என்று அலறிவிட்டேன்.

அவரே எங்களை மருத்துவரிடம் திரும்ப அழைத்துச் சென்றார். மருத்துவர் கேட்டது, வயிற்றிலிருந்து மலம் போயிற்றா என்பது. என் ‘இல்லை’யை அவர் மலச்சிக்கல் என்று கொண்டுவிட்டார். புட்டியை வாங்கிவைத்துக்கொண்டு, உப்பும் சர்க்கரையும் கலந்த பொடியைத் தந்து, நீரிற் கரைத்துச் சிறுகச் சிறுகப் புகட்டச் சொன்னார். பிள்ளை பிழைத்தான். நீர் வற்றிய அவ்வுடலுக்கு மேலும் பேதிமருந்து கொடுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ண இன்றும் நெஞ்சு நடுங்குகிறது.

‘நின்று’ என்பது ஐந்தாம் வேற்றுமைச் சொல்லுருபு என்று பள்ளியில் நானும் படித்ததுண்டு. ‘மலையினின்று இறங்கினான்’ என்று எழுதியதுமுண்டு. நாம் ஏட்டில் வைத்துப் பூட்டிய சொல்லை அவர்கள் அன்றாடம் வழங்குகின்றனர். அது காதில் விழுந்தும் நான் அறிந்திலேன்.

‘சர்த்தி’ என்றால் வாந்தி. அச்சொல் விளங்காதபோது பொருள் கேட்கிறோம், ஆதலின் தீங்கில்லை. ‘திகட்டல்’ அப்படியன்று. நமக்கு அது தித்திப்பு மிகுந்து வரும் வெறுப்பு. அவர்களுக்கோ உண்டது புளித்துத் தொண்டைக்கு எதிர்த்து வருதல். பிற நாட்டாருக்கும் இத்தொல்லை உண்டு. ஸ்பெயின் நாட்டில் ஒருவர் ‘கான்ஸ்டிபாடோ’ என்றால், ஆங்கிலம் அறிந்தவர் மலச்சிக்கல் என்றே எண்ணுவார். அவருக்கு உள்ளதோ வெறும் ஜலதோஷம்!

அயற்சொல் நம்மைக் கேட்க வைக்கிறது. உறவுச்சொல்லோ கேட்கத் தோன்றாமல் செய்துவிடுகிறது.

ஆதலின் அன்பர்களே, மருத்துவர்முன் ‘ஆம்’, ‘இல்லை’ என்பதோடு நிறுத்தாதீர்கள். எப்பொழுதிலிருந்து, எத்தனை முறை, நீராகவா கட்டியாகவா என்று முழுவதும் சொல்லுங்கள். வெட்கம் வேண்டா. அன்று ‘ஆறுமுறை’ என்று முதலிலேயே விரல்விட்டுக் காட்டியிருந்தால், எந்த மொழியும் என்னை ஏமாற்றியிராது.