கூட வந்தவர்களின் மன்னார்

மகாநாடு எதுவானாலும் கழுத்தில் அட்டை தொங்காத ஒரு கூட்டம் அதில் இருக்கும். பேச வந்தவரின் மனைவி, கட்டுரை வாசிக்க வந்தவரின் கணவன், வீட்டில் தனியே விடமுடியாத தாய், பள்ளி விடுமுறையில் நிற்கும் பிள்ளை. பெரிய நகரங்களில் இவர்களுக்கென்றே ஒரு நிகழ்ச்சிநிரல் அச்சடிப்பார்கள். சீனாவில் சியான் என்றால் சுடுமண் படைவீரர்கள், பெய்ஜிங் என்றால் பெருஞ்சுவர். மன்னாரிலும் அப்படி ஒன்று உண்டென்று எனக்குத் தெரியவந்தது, கரையோரச் சூழல் பற்றிய கருத்தரங்கு ஒன்றுக்கு என் மனைவியை அழைத்தபோதுதான். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். பெட்டி தூக்கப் போனேன்.

தங்குமிடம் கீரியில். மன்னார் நகரிலிருந்து சில கிலோமீற்றர்தான். பனையும் மணலும் வள்ளங்களும், குளிப்பதற்கு நல்ல கடலும். வந்து போகிறவர்கள் விட்டுச்செல்லும் பிளாஸ்ரிக் போத்தல்களையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் நாளைக்குக் கூட வந்தாக்களுக்கு விடுற வானிலயே போங்கோ. மண்டபத்துக்குள்ள வந்து குறட்டை விடவேண்டாம்" என்று மனைவி முதல்நாளே சொல்லிவிட்டார்.

வானில் சாரதியைத் தவிர நான் ஒருவன்தான் ஆண். கொழும்பிலிருந்து வந்த பெண்கள் சிலர், கைபேசியிலிருந்து கண்ணெடுக்காத ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, பிறகு ஒரு மூத்த அம்மா. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரின் மனைவி. கணவரோடு உலகம் சுற்றியவர். வான் புறப்பட முன்னரே எல்லோருக்கும் அவர் 'அன்ரி' ஆகிவிட்டார்.

முதலில் கோட்டை. 1560இல் போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, பின்னர் திருத்திக் கட்டியது. மதிலில் ஏறி நின்றால் தீவுக்கு வரும் தாம்போதியும் பாலமும் தெரியும், மற்றப்படி வெயில். அடுத்தது பள்ளிமுனைப் பெருக்கமரம். அரபு வணிகர் கொண்டுவந்த ஆபிரிக்க மரம் என்பார்கள். சுற்றளவு 19.5 மீற்றர், உயரம் அதில் பாதிகூட இல்லை. எல்லோரும் கைகோத்துச் சுற்றி நின்று படம் எடுத்தோம். இந்த ஊரின் கழுதைகளும் அதே வணிகரோடு வந்தவை என்றுதான் கதை. தெருவில் வானுக்கு வழிவிடாமல் நின்ற இரண்டைப் பார்த்தபோது அவை அதற்கும் முன்னரே வந்திருக்கும் என்று தோன்றியது.

தலைமன்னாருக்குப் போகும் வழியில் சாரதி ஒரு திருப்பத்தைக் காட்டினார். "உள்ளுக்குப் போனா எருக்கலம்பிட்டி, சேர். நான் பிறந்தது அங்க. வளர்ந்தது புத்தளத்தில." அதற்குமேல் அவர் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவும் தேவையிருக்கவில்லை. 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டது எங்கள் தலைமுறைக்குத் தெரிந்த கதை. எங்களில் பலர் வாய்விட்டுப் பேசாத கதையும்கூட.

தலைமன்னார் இறங்குதுறையில்தான் நான் நெடுநேரம் நின்றேன். 1914இல் தனுஷ்கோடிக்கும் இங்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபோது, சென்னையில் ரயிலேறி, கடலைக் கப்பலில் கடந்து, மறுபடி ரயிலேறிக் கொழும்பில் இறங்கலாம் என்றானது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளின் சண்டையோடு நின்றது. இந்தப் பக்கத்து ரயில் பாதையும் போரில் போய், 2015 மார்ச்சில்தான் இறங்குதுறைவரை திரும்ப வந்தது. இப்போது ரயில் இருக்கிறது, கப்பல் இல்லை. கடலுக்குள் முடியும் ஒரு பாதையைப் பார்க்கவென்று ஆட்கள் வருகிறார்கள். அந்தப் பிள்ளையின் கைபேசிக்கு "இந்தியாவுக்கு நல்வரவு" என்று ஒரு தகவல் வந்தது. அன்று முதல்முறையாக அவள் தலைநிமிர்ந்து கடலைப் பார்த்தாள்.

திரும்பும்போது அன்ரி தன் சீனப் பயணத்தைச் சொன்னார். கணவரின் மகாநாடு தென்கிழக்குக் கரையிலுள்ள சுவான்சோ நகரில். கூட வந்தவர்களை ஒரு பேருந்தில் ஏற்றி, கையில் கொடி பிடித்த ஒரு பெண்ணின் பின்னால் நடத்திக்கொண்டு போனார்களாம். காய்யுவான் பௌத்தக் கோயிலின் இரண்டு கற்கோபுரங்களையும் காட்டினார்கள். பிறகு பட்டுக்கடை, அதன்பின் முத்துக்கடை. கழுத்திலிருந்த மாலையைத் தொட்டுக் காட்டினார். "இது அங்க வாங்கினது, மாஸ்டர். வேண்டாமெண்டு சொல்லேலாமல் வாங்கினது."

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு வேறொரு கவலை வந்தது. சுவான்சோவில் தமிழ் வணிகர் சிவன் கோயில் கட்டி வாழ்ந்திருக்கிறார்கள். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று அங்கே கிடைத்திருக்கிறது. அந்தக் காய்யுவான் கோயிலிலேயே, பெரிய மண்டபத்தின் பின்புறத்தில், கண்ணன், நரசிம்மர் உருவங்கள் செதுக்கிய தூண்கள் இரண்டு நிற்கின்றன. "அதைக் காட்டினவையோ, அன்ரி?" என்றேன். காட்டவில்லை. கொடி பிடித்த பெண்ணில் குற்றமில்லை. பேருந்தில் ஒரு தமிழச்சி இருப்பது அவளுடைய பட்டியலுக்குத் தெரியாது. பட்டியல் எல்லோருக்கும் பொதுவாகப் போடப்படுவது. உங்களுக்கென்று இருப்பதை நீங்கள்தான் கேட்டு வாங்கவேண்டும்.

அன்ரி கேட்டார். மறுநாள் திருக்கேதீச்சரமும் வங்காலைப் பறவைகள் சரணாலயமும் என்று இருந்ததில், பழைய முத்துக்கரையான அரிப்பையும் சேர்க்கச் சொன்னார். "லிஸ்ட்ல இல்லையே, அன்ரி. பரவாயில்லை, போவம்" என்றார் சாரதி.

திருக்கேதீச்சரம் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். பாலாவியில் கால் நனைத்துக் கும்பிட்டோம். பக்கத்து மாந்தை மேட்டை 1980களில் தோண்டியபோது சீனப் பீங்கான் துண்டுகள் வந்தன என்று நான் சொல்ல, "அப்ப அவங்களும் இஞ்ச வந்திருக்கிறாங்கள்" என்று அன்ரி திருப்தியோடு தலையாட்டினார். வங்காலையில் பூநாரைகள் எட்டத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோடாக நின்றன. தொலைநோக்கி இல்லாமல் அங்கே போகவேண்டாம்.

அரிப்பில் இருப்பது ஓர் இடிந்த வீடு. பிரித்தானியரின் முதல் தேசாதிபதி பிரெடரிக் நோர்த், முத்துச் சலாபத்தை, அதாவது முத்துக்குளிப்பை, மேற்பார்வை பார்க்கவென்று 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டியது. கடல் அரிக்க அரிக்க, நிற்கும் சுவர்களும் ஒவ்வொன்றாகச் சரிகின்றன. ஒரு காலத்தில் இந்தக் கரைக்குத் தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் சுழியோடிகள் வந்தார்கள். காலுக்குக் கல்லைப் போட்டு மூச்சடக்கி இறங்குவார்கள். சுறாவின் வாயைக் கட்டவென்று கடற்கட்டி என்ற மந்திரக்காரர் ஒருவர் இருப்பார். அவர் இல்லாமல் சுழியோடிகள் கடலில் இறங்கமாட்டார்கள் என்பதால் அரசாங்கமே அவரை வைத்திருந்தது. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு சுழியோடிக்கு. 1905 சலாபத்தில் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. அடுத்த ஆண்டு ஒரு லண்டன் கம்பனிக்குக் குத்தகை. பிறகு சில ஆண்டுகளிலேயே கடலடிப் பாரில் சிப்பி இல்லை, கம்பனியும் இல்லை.

அந்தச் சுவரருகே அன்ரி நின்றது ஒரு சீன முத்துமாலையோடு. உலகச் சந்தையில் விற்கும் நன்னீர் முத்தில் மிகப் பெரும்பங்கு சீனாவில் விளைகிறது. குளத்துச் சிப்பியின் உடலுக்குள் வேறொரு சிப்பியின் திசுத்துண்டுகளைச் செருகிவிட்டு, சில ஆண்டுகள் காத்திருந்தால், ஒரே சிப்பியில் பல முத்துகள். மூச்சடக்கவும் வேண்டாம், சுறாவைக் கட்டவும் வேண்டாம். முத்துக்குப் பேர்போன மன்னாரில் நான் பார்த்த ஒரே முத்துமாலை அதுதான்.

மாலை கீரிக்குத் திரும்பினோம். கரையில் படகொன்று வந்து நின்றது. வலையிலிருந்து மீனைத் தெரிந்து கூடைகளில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணோடு பேச்சுக் கொடுத்தேன். எங்கே வந்தீர்கள் என்றார். கடல்கரை பற்றி ஆராயும் கூட்டத்துக்கு மனைவியோடு வந்தேன் என்றேன்.

"எங்கட கரையைப் பற்றியோ? நல்லது. அங்க மத்தியானம் என்ன சாப்பாடு, அண்ணை?"

"கோழி."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். "மன்னாருக்கு வந்து கோழியோ!" பிறகு தானாகவே சொன்னார்: இந்திய இழுவைப்படகுகள் வந்துபோன இரவுகளுக்குப் பிறகு வலைகள் அறுந்து கிடப்பதை, காற்றாலைகள் வந்தபின் மழைத்தண்ணீர் வழிமாறி நிற்கிறது என்று ஊரில் பேசிக்கொள்வதை. அவர் கைகாட்டிய திசையில் தம்பபவனி நின்றது. 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். 2025இல் புதிய காற்றாலைகளுக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராகத் தீவே வீதிக்கு இறங்கியிருந்தது. மண்டபத்தில் என் மனைவி அன்று காலை கேட்ட விரிவுரைகளின் தலைப்புகளும் ஏறக்குறைய இவைதான். இரவு நான் சொன்னதைக் கேட்டு, "உதை நான் பார்க்கவேயில்லையே" என்றார். கருத்தரங்கு முடியும்வரை அவர் கடலைக் கண்டது தங்குமிடத்து ஜன்னலால் மட்டும்.

மன்னாரில் கூட்டம் வைக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூட வருகிறவர்களுக்கு வான் ஒழுங்கு செய்வதை நிறுத்தவேண்டாம். வடக்கிலிருந்து பறவைகள் வந்து தங்கும் மாரிகாலத்தில் கூட்டத்தை வையுங்கள். அரிப்பைப் பட்டியலில் சேருங்கள். அந்தச் சுவர்கள் இன்னும் நெடுங்காலம் நிற்கப்போவதில்லை. பட்டியலில் அரை நாளை வெறுமையாக விட்டு, எங்கே போக விருப்பம் என்று வந்தவர்களையே கேளுங்கள். காலையில் படகு வரும் நேரத்தில் கீரிக் கரைக்குக் கட்டுரை வாசிப்பவர்களையும் அதே வானில் ஏற்றி அனுப்புங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்தக் கரையிலேயே மீன் வாங்குங்கள், கேட்கும் விலைக்கு, பேரம் பேசாமல்.