சீனாய் மலையின் நீலச் சிற்றுயிர்

சீனாய்க்குச் செல்கிறேன் என்றதும், "மோசே பத்துக் கட்டளைகளைப் பெற்ற மலையைத் தரிசிக்கவா?" என்றே நண்பர் பலரும் வினவினர். வண்ணத்துப்பூச்சி ஒன்றைக் காணச் செல்கிறேன் என்று கூறியபோது ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். பாலைவனத்தில் வண்ணத்துப்பூச்சியா? அதுவும் பெருவிரல் நகத்தளவே உள்ள ஒன்றுக்காகவா இத்துணைத் தூரம்? அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

கெய்ரோவிலிருந்து புறப்பட்ட வாகனம் சுயஸ் கால்வாயின் அடியிற் செல்லும் சுரங்கப்பாதையைக் கடந்து, கடற்கரையோரமாக ஓடி, பின்னர் மலைகளுட் புகுந்தது. புனித கத்தரீன் கிராமத்தை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஆறாம் நூற்றாண்டிலே ஜஸ்டீனியன் பேரரசன் எழுப்பிய மடாலயம் இன்றும் அங்கே நிற்கின்றது. அதனைக் காக்க அவன் அனுப்பியவர்களின் வழிவந்தோர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் ஜெபலியா பெடூயின் மக்களே அம்மலைகளில் வழிகாட்டிகள்.

நான் தேடிச்சென்ற பூச்சி சீனாய் பேட்டன் நீலன் எனப்படுவது. 1975ஆம் ஆண்டிலேதான் விஞ்ஞானிகள் அதற்குத் தனிப்பெயர் சூட்டினர். கத்தரீன் மலைப்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. காரணம் அதன் உணவு. துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த சீனாய்த் தைம் என்னும் சிறு செடியின் மொட்டுகளிலே முட்டையிடும். புழு அம்மொட்டையும் பூவையும் தின்னும். வளர்ந்த பூச்சியும் அப்பூவின் தேனையே நாடும். புழுவின் உடலிற் சுரக்கும் இனிய நீருக்காக எறும்புகள் அதனைச் சூழ்ந்து நிற்குமாம். பின்னர் மண்ணுட் கூட்டுப்புழுவாகிக் கோடையையும் பனிகாலத்தையும் உறங்கிக் கழிக்கும். சிறகு பெற்றபின் வாழ்வு சில நாட்களே. ஆதலால் தைம் பூக்கும் மே, யூன் மாதங்களிற் சென்றால்தான் காணலாம்.

விடியுமுன் ஏறத் தொடங்கினோம். செங்கற் பாறைகளுக்கு நடுவே, சிறிது ஈரம் தங்கும் சரிவுகளில், சாம்பல் நிறத் தைம் புதர்கள் திட்டுத்திட்டாக நின்றன. அலைந்து தேடினால் அகப்படாது என்றார் வழிகாட்டி. செடியை மிதிப்பதே மிஞ்சும். ஒரு புதரருகே அமர்ந்துவிட்டோம். அவர் தேநீர் காய்ச்சி, அதில் வாசனை இலையொன்றை இட்டார். "தைமா?" என்றேன். தலையை அசைத்தார். "மருந்துக்கென்று முன்பு நிறையப் பறிப்பார்கள். ஆடும் மேயும். மழையோ வரவரக் குறைகிறது. இப்போது யாராவது பறித்தால் எனக்கு மனம் பொறுக்காது," என்றார்.

அவர் கவலை வீணன்று. வெப்பம் கூடக்கூடத் தாவரங்கள் மேலே மேலே ஏறலாம். ஆனால் சிகரத்துக்கு மேல் ஏற இடம் ஏது? எகிப்தின் மிக உயர்ந்த கத்தரீன் சிகரமே 2,600 மீற்றரைச் சற்றுத்தான் தாண்டுகிறது. ஒரு திட்டிலே தைம் பட்டுப்போனால், தொலைதூரம் பறக்கவியலாத இப்பூச்சி அடுத்த திட்டை அடைவதும் அரிது. 2002இல் இப்பிரதேசம் உலக மரபுரிமைத் தலமாக ஏற்கப்பட்டது மடாலயத்தின் பொருட்டே. பூச்சியை நினைத்தவர் சிலரே.

வெயில் பாறையில் விழுந்து சற்று நேரமாகியிருக்கும். வழிகாட்டி என் முழங்கையைத் தொட்டார். பூவின் மேல் ஒரு நிழல் அசைந்தது போலிருந்தது. பின்பே நிழலுக்குரியது தென்பட்டது: கருநீலச் சிறகு, வெண்மை ஓடிய ஓரம். அமர்ந்து சிறகை மூடியதும் நீலம் மறைந்தது; கரும்புள்ளியிட்ட சாம்பல் அடிப்புறம் மட்டுமே. புகைப்படக் கருவியை எடுப்பதற்குள் எழுந்து, இரண்டு முழத் தூரம் பறந்து, மறுபூவில் அமர்ந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு படம் எடுத்தேன்.

ஊர் திரும்பியதும் சிரித்த நண்பரிடம் அப்படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்து அணிந்து நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"செடி நன்றாகத்தான் இருக்கிறது. பூச்சி எங்கே?" என்றார்.