தொலைவு என்னும் தடை

பணிக்குச் செல்ல விரும்பும் இளம்பெண்களைத் தடுப்பது எப்பொழுதும் திறமைக் குறைவன்று. பல வேளைகளில் வழித்தொலைவே தடையாகிறது. பள்ளிப் பருவத்திலேயே இத்தடை தொடங்கிவிடுகிறது. அதனை நீக்கவே பீகார் அரசு 2006ஆம் ஆண்டில், ஒன்பதாம் வகுப்பு மாணவியர் மிதிவண்டி வாங்கப் பணம் வழங்கத் தொடங்கியது. நான் வாழும் தில்லியில், 2019 அக்டோபர் 29 முதல் அரசுப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யும் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

கட்டணம் நீங்கினாலும் அச்சம் தானாக நீங்குவதில்லை. எங்கள் தெருவில் வாழும் பெண்ணொருத்திக்குக் கணக்கர் பணி கிடைத்தபோது அவள் தந்தையார் தயங்கினார். பணியை அவர் வெறுக்கவில்லை. இருட்டிய பின் மகள் தனியே திரும்ப வேண்டுமே என்றுதான் கவலையுற்றார். அறிவுரையால் அக்கவலை தீராது என உணர்ந்தேன். அதே பேருந்தில் பணியிலிருந்து திரும்பும் மகளிர் இருவரை அடுத்த தெருவில் கண்டறிந்து, அவர் இல்லத்திற்கு அழைத்துச் சென்றேன். முதல் இரண்டு வாரங்கள் அவர் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தார். மூவரும் நாள்தோறும் சேர்ந்தே இறங்குவதைக் கண்டபின், வீட்டு வாயிலிலேயே காத்திருக்கலானார்.

அண்மையில், இளைய மகளை எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என்று என்னிடம் வினவினார்.